சீடை உருட்டுகிற நேரம்

ஒரு கிலோ மாவில் சின்னச் சீடை ஐந்நூற்றுச் சொச்சம் விழும். கோகுலாஷ்டமிக்கு எங்கள் வீட்டில் இரண்டு கிலோ போடுவோம். ஆயிரம் சீடையை மூன்று பேர் உட்கார்ந்து உருட்டினாலும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. கைக்கு வேலை இருக்கும், காது சும்மா இருக்கும். என் பிள்ளைகள் இரண்டு பேரும் புத்தகத்துக்குள் போனது அந்தக் காது வழியாகத்தான்.

உதவிபெறும் தொடக்கப்பள்ளி ஒன்றில் ஆறு வருஷம் டீச்சராக இருந்தவள் நான். 2001 ஜூனில் மூத்தவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினோம். ஏழு வயது. திங்கட்கிழமை விடிந்தால் வயிற்றுவலி, வாந்தி. டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். ஞாயிறு ராத்திரி அவள் தூக்கத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு அழுததைக் கேட்ட பிறகு எங்களுக்கு வேறு டாக்டர் தேவைப்படவில்லை. இளையவனுக்கு அப்போது இரண்டு வயது. அவனை எங்கும் சேர்க்கவே இல்லை.

இது நடந்தது பாளையங்கோட்டையில். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயர் வாங்கிய ஊர். நூறு வருஷம் தாண்டிய பள்ளிக்கூடங்கள் இங்கே ஒன்றிரண்டு அல்ல. பக்கத்து ஜில்லாக்காரர்கள் விடுதியில் இடம்பிடித்துப் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற ஊரில், பள்ளிக்கூட மணி காதில் விழுகிற தூரத்தில் குடியிருந்துகொண்டு, பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டோம். என் அண்ணன் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. கல்யாண வீடுகளில் மைனிமார் என் மகளைத் தனியாகக் கூப்பிட்டு ஏழாம் வாய்ப்பாடு கேட்டார்கள்.

என் கணவருக்கு மின்வாரியத்தில் வேலை. ஒரு சம்பளத்தில் ஓட்டிக்கொள்ளலாம் என்று அவர் சொன்ன பிறகுதான் நான் வேலையை விட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கல்வியைப் பற்றிப் பேசுகிற பலர் இந்தக் கணக்கை விட்டுவிடுகிறார்கள். ஹோம் ஸ்கூலிங் என்பது பெரும்பாலும் ஒரு பெண்ணின் சம்பளத்தில், அவளுடைய பிஎஃப்பில், பணிமூப்பில் நடக்கிறது.

முதல் மூன்று மாதம் நான் செய்தது அத்தனையும் தப்பு. நடுக்கூடத்தில் கரும்பலகை மாட்டினேன். ஒன்பதரைக்குப் பூசை மணியை எடுத்து அடித்தேன். கால அட்டவணை, வருகைப் பதிவேடு, வெள்ளிக்கிழமைத் தேர்வு. ஆறு வருஷப் பழக்கம் எனக்கு. வேறு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்றே தெரியாது. மூன்றாவது மாதத்தில் மகளுக்கு வயிற்றுவலி திரும்ப வந்துவிட்டது. வீட்டுக்குள்ளேயே!

என் மாமியார், பிள்ளைகளுக்கு ஆச்சி, அதுவரை ஒரு வார்த்தை சொல்லாதவர். அன்றைக்குச் சொன்னார்: “பள்ளிக்கூடத்தை விட்டு நிப்பாட்டிட்டேன்னு சொன்ன. அதையில்லா தூக்கிட்டு வந்து நடுக்கூடத்துல வச்சிருக்க.”

அந்த வாரத்தில் கோகுலாஷ்டமி. ஆச்சிக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. வாரப் பத்திரிகையில் அவர் விடாமல் படித்துவந்த தொடர்கதையை இரண்டு வாரமாகப் படிக்க முடியவில்லை. “நான் சீடை உருட்டுதேன், நீ அதை வாசி” என்றார். வாசித்தேன். ஆச்சிக்காகத்தான் வாசித்தேன். திரும்பிப் பார்த்தால் மகள் ஒரு தாம்பாளத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உருட்டிக்கொண்டிருக்கிறாள். இரண்டு வயசுக்காரன் மாவைப் பிசைந்து தலையில் பூசிக்கொண்டு இருக்கிறான். அத்தியாயம் முடிந்ததும் மகள் கேட்டாள், “அவ்வளவுதானா?” மூன்று மாதத்தில் அவள் என்னிடம் பாடம் முடிந்த பிறகு கேட்ட முதல் கேள்வி அது. மறுநாள் கரும்பலகையைக் கழற்றினேன்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பலகார வேலை எதுவும் வாசிப்பில்லாமல் நடந்ததில்லை. நவராத்திரிக்குப் பயறு பொறுக்க, தீபாவளிக்குத் தேங்காய் துருவ, கார்த்திகைக் கொழுக்கட்டைக்கு ஓலை நறுக்க, எல்லாவற்றுக்கும் ஒரு ஆள் வாசிக்க வேண்டும், மற்றவர்கள் வேலை பார்க்க வேண்டும். சும்மா கைகட்டி உட்கார்ந்து கதை கேள் என்றால் ஐந்து வயதுப் பிள்ளையால் பத்து நிமிஷம் முடியாது. கையில் மாவைக் கொடுத்துப் பாருங்கள், ஒரு மணி நேரம் இருக்கும். வகுப்பறையில் ஆறு வருஷமும் “கையைக் கட்டு” என்று சொல்லித்தான் நான் பாடத்தை ஆரம்பித்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது.

வாசிக்கப் புத்தகம் வேண்டுமே? முதலில் கைகொடுத்தவை என் அப்பாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து வந்த ருஷ்யப் புத்தகங்கள். மாஸ்கோவில் தமிழில் அச்சாகி, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக ஊர் ஊராக வந்தவை. கெட்டி அட்டை, பக்கம் நிறையப் படம், விலை மட்டும் மிகக் குறைவு. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு அந்த வரத்தும் நின்றது. அடுத்து மாவட்ட மைய நூலகம். அதற்கடுத்து பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்த அம்புலிமாமா, கோகுலம், பூந்தளிர். கிலோ என்ன விலை என்று மகள்தான் பேரம் பேசுவாள். 1996இல் சென்னையில் துளிகா தொடங்கித் தமிழும் ஆங்கிலமுமாகப் படப்புத்தகங்கள் போட ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் பட்ஜெட்டுக்கு அது வருஷத்துக்கு நான்கோ ஐந்தோதான். அந்த நான்கைந்தும் நூல் பிரிந்து போகும்வரை படிக்கப்பட்டன.

கிஜுபாய் பதேக்காவின் ‘பகல் கனவு’ எனக்கு 2003இல்தான் கிடைத்தது. பாவ்நகரில் 1920இல் குழந்தைகள் பள்ளி தொடங்கியவர் அவர். அதில் வருகிற ஆசிரியர் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு வகுப்பைக் கதையில் ஆரம்பிக்கிறார், மேலதிகாரிகள் முகம் சுளிக்கிறார்கள். ஆசிரியப் பயிற்சியில் இந்தப் புத்தகத்தை என் கையில் யாரும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் என் வகுப்பில் இருந்த முந்நூறு பிள்ளைகளாவது தப்பித்திருக்கும்.

சீடை வெடித்ததைச் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் எண்ணெய்ச் சட்டியிலிருந்து பட்டாசு மாதிரி வெடித்துச் சுவரெல்லாம் எண்ணெய். ஆச்சிக்கு முழங்கையில் கொப்புளம். மகளுக்குப் பத்து வயது. ஏன் வெடித்தது என்று பிடித்துக்கொண்டாள். ஆச்சிக்குக் காரணம் தெரியும், ஆனால் சொல்கிற விதம் வேறு: “அழுத்தி உருட்டாத, மாவைச் சலிக்காம விடாத.” மகள் அதை ஆராய்ச்சியாக்கினாள். கொஞ்சம் மாவை அழுத்தி வழவழவென்று உருட்டினாள், கொஞ்சத்தை மேலே விரிசல் விடுகிற மாதிரி லேசாக உருட்டினாள், கொஞ்சத்தில் ஊசியால் குத்தினாள், கொஞ்சத்தைத் துணியில் போட்டு ஈரம் இழுக்க விட்டாள். ஒவ்வொரு வகையிலும் பத்து. நாங்கள் அத்தனை பேரும் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டோம், ஆச்சி மட்டும் ஒரு தட்டைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு பொரித்தார். வெடித்தது வழவழச் சீடைதான். வெளியே ஓடு இறுகிவிடுகிறது, உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லை. நீராவியின் அழுத்தத்தைப் பற்றி அவள் பிறகு பாடப்புத்தகத்தில் படித்தபோது, “இது சீடைல்லா” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போனாள்.

‘டோட்டோ சான்’ புத்தகத்தை வாசித்தது ஒரு மார்கழியில். அதில் கோபயாஷி என்கிற தலைமை ஆசிரியர் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டில் கடலில் கிடைப்பது கொஞ்சமும் மலையில் விளைவது கொஞ்சமும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார். அந்த இடத்தில் வாசிப்பு நின்றுபோனது. நாங்கள் சைவம். மீன் இல்லை, கருவாடு இல்லை. “அப்ப நமக்குக் கடல்லேருந்து என்ன?” என்று இளையவன் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. ஆச்சி சொன்னார்: “உப்பு.”

அடுத்த மாசியில் பஸ் ஏறித் தூத்துக்குடிக்குப் போனோம். உப்பளத்தில் ஒரு வயசாளி பாத்திகளைக் காட்டி, இதில் தண்ணீர் இத்தனை நாள், அதில் இத்தனை நாள் என்று விளக்கினார். ஐப்பசி மழை இறங்கினால் எல்லாம் நின்றுபோகும், அந்த மாதங்களில் கூலி கிடையாது என்றார். பாளம் பாளமாக வெடித்த அவருடைய காலை என் மகன் பார்த்துக்கொண்டே இருந்தான். திரும்பி வருகிறபோது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, சோற்றில் உப்பு குறைவு என்று யாராவது சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். நாலைந்து மாதம் அப்படி இருந்தான்.

அவன் விஷயத்துக்கு வருகிறேன். மகள் ஐந்து வயதிலேயே எழுத்துக் கூட்டியவள். மகனோ ஏழு வயது முடிந்தும் வாசிக்கவில்லை. எழுத்து அத்தனையும் தெரியும், கூட்டச் சொன்னால் எழுந்து போய்விடுவான். கதை கேட்பான், மணிக்கணக்கில் கேட்பான், கேட்ட கதையை அப்படியே திருப்பிச் சொல்வான். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் படம் பார்ப்பதோடு சரி. சொந்தக்காரர்கள் பேச்சு அதற்குள் என்னை அரித்துவிட்டிருந்தது. தீபாவளிக்கு அதிரச மாவு பாகு பதம் பிசகாமல் வந்திருந்தது. சுட்டு அடுக்கி வைத்துவிட்டு, “ஒரு பக்கம் வாசித்தால் ஒரு அதிரசம்” என்று சொன்னேன். டீச்சராக இருந்தபோது நட்சத்திரக் குறி போட்டுப் பழகிய கை.

முதல் நாள் இரண்டு பக்கம் திக்கித் திக்கி வாசித்து இரண்டு அதிரசம் வாங்கினான். மறுநாள் சின்னப் பக்கமாகத் தேடி எடுத்து வந்தான். மூன்றாம் நாள், “எனக்கு அதிரசம் வேண்டாம்மா” என்றான். அவனுக்கு அதிரசம் என்றால் உயிர். வாசிக்காமல் இருப்பதற்காக அதையே விட்டுக்கொடுத்துவிட்டான். அந்த வருஷம் கதை கேட்கவும் வரவில்லை. நான் வாசிக்க உட்கார்ந்தால் முற்றத்துக்குப் போய்விடுவான்.

இருபது வருஷத்துக்கும் மேலான என் அனுபவத்தில் நான் செய்த ஆகப் பெரிய தவறு இதுதான். பலகாரத்தை வாசிப்புக்குக் கூலியாக்கினேன். கூலி கொடுத்தால் அது வேலை என்று பிள்ளை கண்டுபிடித்துவிடுகிறது. அதுவரை அந்த வீட்டில் அவை இரண்டும் ஒரே பாயில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை, ஒன்றுக்கொன்று விலை இல்லாமல்.

அவனிடம் வாசி என்று சொல்வதை முழுவதுமாக விட்டேன். ஒரு வருஷம் கழித்துத் தானாகவே பாய்க்கு வந்தான். டிசம்பரில் பக்கத்து வீட்டு டீச்சர் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் சுடுவார்கள், ரிட்டயர்டு ஆனவர்கள். அச்சுமுறுக்குக்கு முதலில் அச்சை எண்ணெயில் காய வைக்க வேண்டும். மாவில் முக்கால் அளவுதான் முக்க வேண்டும். முழுக்க முக்கினால் மாவு அச்சை மூடிக்கொண்டு கழலாது. அந்த வேலையில் அவன் கெட்டிக்காரன். அவன் அச்சு போட, டீச்சர் பைபிள் கதை சொல்ல, நான் கேட்டுக்கொண்டு நின்றேன். “ஏம்மா, இவன் வாசிப்பான், நீ கண்ணை எடு அவன் மேலேருந்து” என்றார்கள்.

2008 சரஸ்வதி பூசை. எங்கள் வீட்டில் அன்றைக்குப் புத்தகம் எல்லாம் பூசையில் போய்விடும். பத்திரிகை, டைரி, வாய்ப்பாடு வரைக்கும் அடுக்கி, மேலே பட்டுத்துணி போட்டுச் சந்தனம் வைத்துவிடுவார் ஆச்சி. மறுநாள் விஜயதசமி காலையில் எடுத்து நாலு வரி வாசிக்கும்வரை யாரும் எதையும் வாசிக்கக் கூடாது. மகளுக்கு அந்த ஒரு நாள் பட்டினி மாதிரி. மகன் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே கிடையாது.

மத்தியானம் பொரி கடலை சாப்பிட்டுவிட்டு எல்லோரும் படுத்திருந்தோம். அடுக்களைக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். அவன் மேடைக்குக் கீழே உட்கார்ந்து பொரிகடலை வந்த பொட்டலத்தைப் பிரித்துத் தரையில் நீவி வைத்துக்கொண்டிருந்தான். ஏதோ பழைய வாரப் பத்திரிகையின் தாள். பாதிக் கதை. உதடு அசைகிறது, விரல் வரியோடு போகிறது. தாளைத் திருப்பினான், மறுபக்கம் விளம்பரம். மறுபடி இந்தப் பக்கம் திருப்பினான். நான் அப்படியே பின்னால் நகர்ந்து வந்துவிட்டேன். தண்ணீர் குடிக்கவில்லை.

சாயங்காலம் ஆச்சியிடம் போய் மெதுவாகக் கேட்டிருக்கிறான்: “பொட்டலத் தாளும் சாமிக்கு வச்சதுல சேத்தியா ஆச்சி?” ஆச்சி அவனைப் பார்த்தார், பூசையைப் பார்த்தார். “அது சேத்தி இல்லை. நீ வாசி” என்றார். எனக்குத் தெரிந்து அவர் வாழ்க்கையில் அந்த விதியை வளைத்தது அந்த ஒரு தடவைதான். அப்போது அவனுக்கு வயது ஒன்பது. அடுத்த தைக்குள் வாண்டுமாமா கதைகள் கையில் கிடைத்த அத்தனையையும் முடித்துவிட்டான்.

எல்லாப் பிள்ளையும் ஒன்பது வயதில் தானாக வாசித்துவிடும் என்று இதை வைத்து நான் சொல்லவில்லை. எழுத்து கண்ணில் குழம்புகிற பிள்ளைகள் உண்டு, அவர்களுக்குப் பயிற்சி பெற்றவர் உதவி வேண்டும். வீட்டுக்கல்வி பற்றிக் கேட்டு என்னிடம் வந்த குடும்பங்களில் இரண்டு பிள்ளைகளை அப்படி அனுப்பியிருக்கிறேன். காத்திருப்பதும் கவனிக்காமல் விடுவதும் வேறு வேறு.

சட்டம் வந்தது 2009இல். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறை, ஆறு முதல் பதினான்கு வயது வரை. அந்த ஏப்ரலில் எனக்கு ராத்திரித் தூக்கம் போனது. மகன் அந்த வயது வரம்புக்கு நடுவில் நிற்கிறான். வீட்டில் படிக்கிற பிள்ளையைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வரி இல்லை. அடுத்த வருஷம் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு ஒருவர் வந்தார். ஏன் அனுப்பவில்லை என்பதற்கு அவர் தாளில் வறுமை, குழந்தைத் தொழில், உடல்நலக் குறைவு என்று காரணங்கள் இருந்தன. எங்களுக்கான கட்டம் இல்லை. மகனிடம் ஒரு நாளிதழைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தான். அவர் ஒன்றும் எழுதாமல் மூடிவைத்துவிட்டு, “எங்க வீட்டுப் பையனுக்கும் கொஞ்சம் புத்தகம் சொல்லுங்கம்மா” என்றார்.

மூத்தவள் தனித்தேர்வராகப் போனாள். பன்னிரண்டரை வயது முடிந்தால் எட்டாம் வகுப்புத் தேர்வு, பதினான்கரையில் பத்தாம் வகுப்பு. தமிழ்வழியில் படிக்கிறவர்களுக்கு இது கையெட்டுகிற வழி. இளையவன் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. ஐந்து பாடம், ஐந்து வருஷத்துக்குள் ஒன்பது வாய்ப்பு. இரண்டிலும் விண்ணப்பம், புகைப்படம், சான்றொப்பம் என்று அலைச்சல் உண்டு. ஒரு கல்லூரி அலுவலகத்தில் மகனுடைய சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இது செல்லாது என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்று தடவை நடந்தோம். 2018இல் நீட் அறிவிக்கையிலேயே திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்களுக்கு இடமில்லை என்று போட்டார்கள். அந்த மே மாதத்தில் தில்லி உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண் அந்த மாதங்கள் முழுவதும் புத்தகத்தைத் திறந்தபடி அழுதுகொண்டே படித்தாள்.

பிள்ளைகள் இழந்ததும் உண்டு. மகள் பன்னிரண்டு வயதில் சாயங்காலமானால் மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் கூட்டமாகச் சிரித்துக்கொண்டு போவதைப் பார்ப்பாள். ஆண்டுவிழா நாடகத்தில் நடிக்க ஆசை என்று ஒரு நாள் சொன்னாள். தெருப்பிள்ளைகளைச் சேர்த்து வீட்டு முற்றத்தில் ஒரு நாடகம் போட்டோம். அது ஆண்டுவிழா ஆகாது, எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

2020க்கு அப்புறம் எல்லாம் மாறிப்போனது. ஊரடங்கில் எல்லா வீடும் பள்ளிக்கூடமானது, அதற்குப் பிறகு என் போன் ஓயவில்லை. முன்பெல்லாம் வந்து கேட்டவர்கள் பயந்து பயந்து கேட்பார்கள். இப்போது கேட்பவர்கள் எந்த ஆப், எந்த சிலபஸ், எத்தனை மணி நேரம் என்று கேட்கிறார்கள். புத்தகத்துக்கும் முன்போல் பஞ்சமில்லை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரில் தமிழிலேயே கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்னொரு பக்கம், நாங்கள் கிலோவுக்கு வாங்கிய சிறுவர் பத்திரிகைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. கடையில் பொரியும் பிளாஸ்டிக் பையில்தான் வருகிறது.

கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, வேலையை விடப்போவது யார், அவருக்கு அதில் முழுச் சம்மதமா என்பதைத்தான். தயக்கம் தெரிந்தால் நல்ல பள்ளியாகப் பார்த்துச் சேருங்கள் என்று சொல்லிவிடுவேன். சம்மதம் என்றால், ஆறு மாதம் பாடம் ஒன்றும் எடுக்காதீர்கள், தினமும் வாசித்துக் காட்டுங்கள் என்பேன். பாதிப் பேர் அதோடு போனை வைத்துவிடுகிறார்கள்.

போன கார்த்திகைக்கு ஒரு அம்மா வந்திருந்தாள், பெருமாள்புரத்திலிருந்து, எட்டு வயதுப் பையனோடு. ஸ்பீச் தெரபி, டியூஷன், ஆப் எல்லாம் பார்த்துவிட்டார்கள். “வாசிக்கவே மாட்டேங்கான் அத்தை, எதைக் கொடுத்தாலும்” என்றாள். எதைக் கொடுத்தாலும் என்ற சொல்லில் எனக்கு அதிரசம் நினைவுக்கு வந்தது. அன்றைக்குத் திருக்கார்த்திகை. ஓலைக் கொழுக்கட்டைக்குக் குருத்தோலை வந்து கிடந்தது. மாவில் கருப்பட்டிப் பாகு விட்டுப் பிசைந்து வைத்திருந்தேன். பையனிடம் ஓலையைக் கொடுத்து, சாண் அளவு நறுக்கி மடிக்க வேண்டும், பிளவு விடக் கூடாது என்று காட்டினேன். நாலு ஓலை வீணானது, ஐந்தாவது சரியாக வந்தது. அவன் மடித்துக் கொடுக்க, அவன் அம்மா மாவை வைத்து நாரால் கட்டினாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அப்பாவின் பெட்டியில் மிஞ்சிய புத்தகம் ஒன்றை எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன்.

கொப்பரையில் தண்ணீர் கொதித்தது. அடுப்பைக் குறைக்க எழுந்தேன். பையன் ஓலையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“பொறவு?” என்றான்.